சடைச்சிக்கு எழுதிய கண்

இப்போதெல்லாம் துட்டி வீட்டுக்கு வருகிறவன் மாலையைப் போடுவதற்கு முன்னால் போனைத்தான் எடுக்கிறான். முத்துக்குமாரசாமி அண்ணாச்சி செத்த அன்றைக்கு மகாராஜன் இதைக் கண்ணால் பார்த்தார். ஐஸ் பெட்டிக்கு மேலே கையை நீட்டி ஒருத்தன் இரண்டு தடவை எடுத்தான். முதல் தடவை கண்ணாடியில் ட்யூப் லைட் அடித்துவிட்டதாம். அழுதுகொண்டிருந்த பொம்பளைகளைக் கொஞ்சம் விலகச் சொல்லி மறுபடி எடுத்தான். பொழுது சாய்வதற்குள் அண்ணாச்சியின் மூக்குப் பஞ்சு ஊர் முழுக்கப் போய்விட்டது.

“ஊரானை ஒழுங்கா உக்கார வச்சு எடுத்த மனுசனைக் கோணக்காலா எடுத்துப் போட்டுட்டானுவ” என்று மகாராஜன் பந்தலில் சத்தமாகவே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அவர் சொன்னதையும் ஒருத்தன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

மகாராஜனுக்கு எழுபத்தேழு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ராஜபாளையம் ரோட்டில் அண்ணாச்சி வைத்திருந்த பார்வதி ஸ்டூடியோவில் முப்பத்தாறு வருசம் டச்சிங் வேலை. கல்யாணப் பெண்ணின் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை மறைப்பது எல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை வேறே. ஆயுசுக்கும் ஒரு படம் எடுக்காமலே செத்துப்போகிறவர்கள் அப்போது நிறையப் பேர். குளிப்பாட்டி நாற்காலியில் சாய்த்து வைத்து, அண்ணாச்சியைக் கூப்பிட்டு விடுவார்கள். மூடின கண்ணோடு படத்தை மாட்டினால் அந்த வீட்டில் சோறு இறங்குமா? பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, அதில் மகாராஜன் பிரஷ்ஷால் கண்ணைத் திறந்து எழுதுவார். எழுதினதை மறுபடி காப்பி எடுத்து, பிரேம் போட்டுக் கொடுப்பார்கள். திருவேங்கடம், குருவிகுளம் பக்கமெல்லாம் மாலைக்குள்ளிருந்து பார்க்கிற எத்தனையோ பேரின் கண் அவர் எழுதின கண்தான். பெற்ற பிள்ளைகளே, ‘அப்பா பாக்கதைப் பாத்தியளா’ என்று கும்பிடுவார்கள். 

அண்ணாச்சிக்குப் பேர் வந்தது இந்த ஸ்டூடியோவால் இல்லை. எழுபத்தைந்தில், ராயகிரிக்கு மேற்கே மலையில் இருக்கிற பளியர்களுக்கு அடையாள அட்டை போட வேண்டும், படம் எடுத்து வாரும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் விட்டார்கள். முப்பத்தொரு தலையை எடுத்துக்கொண்டு இறங்கினவர், அடுத்த மாசம் முப்பத்தொரு பேருக்கும் ஒவ்வொரு பிரிண்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். யாரும் கேட்கவில்லை. ஆபீஸ்காரன் சிரித்தான். அப்புறம் நாற்பது வருசம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். தேன் எடுக்கிறது, கிழங்கு தோண்டுகிறது, குடிசை மேய்கிறது, பிள்ளைக்குப் பேன் பார்க்கிறது. ஸ்டூடியோவுக்குப் பூட்டு, கல்யாண ஆர்டர் பக்கத்துக் கடைக்கு. அண்ணாச்சியின் வீட்டுக்காரி பார்வதியம்மாள் மதினி, “மலையிலே வேற குடும்பம் வச்சிருக்காகளா, நிஜத்தைச் சொல்லும்” என்று மகாராஜனைப் பிடித்துக் கேட்டதுண்டு.

“இருக்கு மதினி. முப்பத்தொரு பேரு” என்பார் மகாராஜன்.

மெட்ராஸில் கண்காட்சி வைத்தார்கள். வெளிநாட்டுக்காரன் வந்தான். பேப்பரில் போட்டார்கள். எங்கே கேட்டாலும் அண்ணாச்சி ஒன்றையே சொல்லுவார்: “மலைப் படத்துல நான் எதையும் சேக்கதும் இல்ல, எடுக்கதும் இல்ல. மகாராஜன் பிரஷ்ஷு அந்தப் பக்கம் போவாது.” மகாராஜன் பக்கத்தில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

அண்ணாச்சி போய் மூன்று மாசம் கழித்து, ஆனிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் மகள் மீனலோசினி கூப்பிட்டனுப்பினாள். ஸ்டூடியோவுக்கு மேல் மாடியில்தான் வீடு. நடு வீட்டில் பதினாலு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. சென்னையில் பழைய படங்களைச் சேர்த்துவைக்கிற ஒரு நிலையத்திலிருந்து ஜெஸ்லின் என்று ஒரு பெண் வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கையுறை, மடியில் கம்ப்யூட்டர்.

“மாமா, இது எல்லாத்தையும் அவுக வாங்கிப் பத்திரமா வைக்கப் போறாக. முதல்ல ஒரு பொஸ்தகம். படத்துல இருக்கது யாரு எவருன்னு உங்களுக்குத்தான தெரியும். சொல்லுங்க” என்றாள் மீனலோசினி.

“உங்கப்பன் நோட்டுல எழுதலையா?”

“எழுதியிருக்காக. அவுக கையெழுத்து அவுகளுக்கே தெரியாதுல்லா.”

மகாராஜனுக்கு இந்த மாதிரி ஆட்களிடம் நம்பிக்கை கிடையாது. வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று தெரியாமல் ஒரு பேரும் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆனால் முதல் நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்ததும் வாய் தன்னால் திறந்துவிட்டது. வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கிற அந்த முகங்களை அப்படியே பார்த்துப் பழகின கண் அது.

“இவன் ராக்கன். தேனடைக்கு மூங்கிலேணி கட்டுவான். அண்ணாச்சி கீழ நின்னு, ‘ஏலே ராக்கா, சித்த நேரம் ஆடாம நில்லு’ன்னாரு. அவன் மேல இருந்துகிட்டு, ‘ஈகிட்டச் சொல்லுங்க சாமி’ன்னான்.”

ஜெஸ்லின் சிரித்துக்கொண்டே தட்டினாள். “இவங்க ஐயா?”

“பேரு மறந்துபோச்சு. ஆனா உப்பு கேப்பா. எப்ப ஏறினாலும் உப்புத்தான் கேப்பா. மூணு படி உப்பை நான்தான் சொமந்துட்டுப் போவேன். கேமராவை அவரு சொமப்பாரு. பேரு அவருக்கு, உப்பு எனக்கு.”

நாலு நாள் இப்படிப் போனது. பக்கத்துத் தெரு விசைத்தறிச் சத்தம் நிற்காமல் கேட்கும். மத்தியானம் மீனலோசினி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைப்பாள். ஜெஸ்லின் துவையலை மறுசோறுக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுவாள். அந்த ஒரு காரியத்தால் மகாராஜனுக்கு அவள்மேல் இருந்த சந்தேகம் கால் பங்கு குறைந்தது. மழைக்கு முன்னால் மலையில் அடிக்கிற இலை வாடை, ஈர விறகுப் புகையில் வெந்த கிழங்கு, அட்டை கடித்த காலில் அண்ணாச்சி மூக்குப்பொடி அப்பினது எல்லாம் பெட்டியிலிருந்து எழுந்து வந்தன. அவ்வளவு நன்றாக இருந்தோமா என்று அவருக்கே ஆச்சரியம். மலை ஏறின நாளெல்லாம் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டேதான் ஏறியிருக்கிறார்.

ஐந்தாம் நாள் மீனலோசினியின் புருஷன் விஜய்சங்கர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இருந்தான். அன்றைக்குத்தான் ஜெஸ்லின் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

“ஐயா, இதுதான் அட்டைப்படம். ‘சாலை வேலை’ன்னு எழுதின கவர்ல தனியாக் கிடைச்சுது. எங்க ஆபீஸ்ல அத்தனை பேரும் இதைப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. என்ன பார்வை பாருங்க.”

மரத்தில் சாய்ந்து ஒரு கிழவி. அவிழ்ந்த தலை, மடியில் கிழங்கு தோண்டுகிற கம்பு, நெற்றியில் இலைக்கு ஊடே விழுந்த வெயில். கண் நேரே பார்த்தது. எதிரில் இருக்கிறவனைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் நிற்கிற ஒருத்தனைப் பார்ப்பதுபோல.

மகாராஜன் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இது வேண்டாம். வேற வைங்க.”

“ஏன் ஐயா?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

“யாருன்னு சொல்லுங்க மாமா, பேரைப் போட்டுருவோம்” என்றான் விஜய்சங்கர்.

மகாராஜன் படியிறங்கிவிட்டார். பூ மார்க்கெட் வரைக்கும் நடந்தவர், வந்த வழியை மறந்தவர் மாதிரி அங்கே நின்றார்.

எழுபத்தொன்பதாம் வருசம். தேன் எடுக்கிற படத்துக்காக ஏறினார்கள். மேலே போனால் சடைச்சி காலையில்தான் இறந்திருந்தாள். நாலு வருசமாக அண்ணாச்சியின் கேமராவைக் கண்டால் முறத்தால் முகத்தை மறைக்கிறவள். அவள் மகள் பாலம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தடவை மிளகு விற்க இறங்கினபோது ஸ்டூடியோ சுவரில் மாலை போட்ட படங்களைப் பார்த்துவிட்டுப் போனவள்.

“செத்தவுகளுக்கும் கண்ணைத் தெறந்து எழுதுவியளாமே. எங்கம்மாவுக்கு எழுதித் தாரியளா?” என்று கேட்டாள்.

அண்ணாச்சி கேமராப் பையைத் திறக்கவில்லை. மலைப் படத்தில் பிரஷ் படக்கூடாது என்பது அவர் சட்டம். அப்புறம், “ஸ்டாண்டை விரி மகாராஜா” என்றார். தாயை மரத்தில் சாய்த்து, பின்னால் நின்று பாலம்மாள்தான் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல் படத்தில் தெரியாதபடி மகாராஜன் சேலையை இழுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் பாலம்மாள் கீழே வந்தாள். மூடின இமைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரைக் கேட்க? தாய்க்கு மகள் ஜாடை. அவளை ஸ்டூடியோ ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்து ஒரு மத்தியானம் முழுக்க எழுதினார். அழுது சிவந்த கண். அசையாமல் இருந்தாள். பிரிண்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் ஒன்றைக் கேட்டாள்.

“இது ஒண்ணுதான் இருக்கணும். பிலிமு, கண்ணாடி, என்ன இருக்கோ எல்லாத்தையும் தீயில போட்டுருங்க. அம்மா ஒரு எடத்துலதான் இருக்கணும். ரெண்டு எடத்துல இருந்தா அலைவா.”

அண்ணாச்சி சரி என்றார். மகாராஜன் தலையை ஆட்டினார். அவள் போனதும் மூடின கண்ணோடு இருந்த நெகட்டிவையும், பிரஷ் பட்ட பெரிய பிரிண்ட்டையும் எரித்தார். திறந்த கண்ணோடு காப்பி எடுத்த நெகட்டிவை மட்டும் எரிக்கக் கை வரவில்லை. அவர் அதுவரை எழுதினதிலும் பிறகு எழுதினதிலும் அப்படி ஒரு கண் அமையவில்லை. ‘சாலை வேலை’ என்று எழுதியிருந்த கவருக்குள் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

“எரிச்சாச்சா மகாராஜா?”

“எரிச்சாச்சு அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு அண்ணாச்சி நாற்பத்தைந்து வருசம் இருந்தார். ஒரு நாள்கூட மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மகாராஜன் மாடியேறி நேரே அடுப்படிக்குப் போனார். மீனலோசினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் திருவுவதை நிறுத்திவிட்டாள்.

“பொணமா மாமா அது?”

“ஆமா.”

“அப்பா மலைப் படத்துல டச்சிங்கே கெடையாதுன்னு எல்லாப் பேப்பர்லயும் சொல்லியிருக்காக. நீங்க பக்கத்துலேயே நின்னிய.”

“நின்னேன்.”

“இப்ப இதைச் சொன்னா மத்த நாலாயிரம் படத்தையும் எவன் நம்புவான்? எல்லாத்துலயும் ஒங்க பிரஷ்ஷு இருக்கும்னு சொல்லமாட்டானா? அப்பா போயி நூறு நாளு ஆவல. அதுக்குள்ள அவுக பேரைக் கெடுக்க வந்திருக்கியளே.”

“ஒங்கப்பன் பேரை எவனும் கெடுக்க முடியாது. கெட்டது நான். அவரு எரிக்கச் சொன்னாரு.”

கதவுப் பக்கம் வந்து நின்ற விஜய்சங்கர், “அந்த ஒரு படத்தை எடுத்துருவோம். சோலி முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு பேச்சு?” என்றான்.

“எடுத்தா மட்டும்? அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. நெகட்டிவை நான் தின்னாக்கூட அது அங்கன இருக்கும்லா மாப்ள?”

அதற்குள் ஜெஸ்லினும் வந்துவிட்டாள். அவளுக்கும் சொன்னார்கள். அவள் கையுறையைக் கழற்றினாள். “மறைச்சு மட்டும் போட முடியாது அக்கா. பின்னால தெரிஞ்சா இன்னும் மோசம். போடலாமா வேண்டாமான்னு நான் சொல்றது சரியில்ல. அந்தப் பொண்ணு இருக்காங்களா ஐயா?”

இந்தக் கேள்வியைத்தான் மகாராஜன் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. “இருந்தா இருப்பா. நான் போய்ப் பாக்கேன். அவ தீயில போடச் சொன்னா, எல்லாத்தையும் போடணும். ஒன் கம்ப்யூட்டர்ல இருக்கதையும் சேத்து. சம்மதமா?”

“சம்மதம் ஐயா.”

“எழுதித் தா.”

எழுதிக் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீனலோசினி தேங்காய்ச் சில்லை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராயகிரியில் பஸ்ஸை விட்டிறங்கி, ஆட்டோ பிடித்து மலையடிவாரத்துக் காலனிக்குப் போனார். மலையிலிருந்து இறக்கிக் குடிவைத்த வரிசை வீடுகள். சட்டி கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டதும், “பாலம்மா பெரியம்மாவா?” என்று கடைசி வீட்டைக் காட்டினாள். வாசலில் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள் பாலம்மாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. தாய் ஜாடை இப்போது இன்னும் துலக்கம். நிமிர்ந்து பார்த்தபோது மகாராஜன் திடுக்கிட்டார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பாலாகியிருந்தது.

“யாரு?”

“ஸ்டூடியோ மகாராஜன்.”

“உப்புக்காரவுகளா?” என்றாள். “சாமி நல்லா இருக்காகளா?”

“அண்ணாச்சி போயிட்டாரு. மூணு மாசம் ஆச்சு.”

அவள் கையிலிருந்த புளியை முறத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். அப்புறம் கருப்பட்டிக் காப்பி போட்டாள்.  மகாராஜன் அதைக் குடித்துவிட்டு ஒரே மூச்சில் சொன்னார். எரிக்கவில்லை என்றார். பொய் சொன்னேன் என்றார். புஸ்தகத்தில் போடப்போகிறார்கள் என்றார்.

“அந்தப் படம் ஒங்கிட்ட இருக்குல்லா?”

“எங்க இருக்கு? மேல இருந்து எறங்கி வந்த வருசம் மழையில ஊறிப்போச்சு. தொட்டா மாவா உதிந்துச்சு. முகமே போச்சு.” ஒரு கொட்டையை எடுத்து எறிந்தாள். “பாக்கணும். நான் வாரேன்.”

“சத்தம் போடமாட்டியா?”

“என்ன சத்தம் போட? நாப்பத்தஞ்சு வருசத்துக்கு என்னன்னு போட?”

வெள்ளிக்கிழமை வந்தாள். மகாராஜன் பஸ் ஸ்டாண்டில் நின்று கூட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் தட்டிவிட்டு, காலால் தடவித் தடவி அவருக்கு முன்னால் ஏறினாள். மீனலோசினி மரியாதைக்கு, “வாங்க” என்றாள். அப்பனின் பேர் இந்தக் கிழவியின் வாயில் இருக்கிறது என்கிற பயம் முகத்தில் தெரிந்தது.

ஜெஸ்லின் படத்தை ஜன்னல் அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு வாங்கியிருந்தாள். பாலம்மாள் அதை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“இது நான்லா” என்றாள்.

 தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கீழ வந்து இந்தக் கண்ணைக் குடுத்துட்டுப் போனேன். இப்ப எனக்கே இது இல்ல. இங்கன எப்படி இருக்கு பாருங்க, மான் கண்ணு மாதிரி.” விரலால் தொட்டுப் பார்த்தாள். “எம்மா, என் கண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்டுப் பாக்க நீ?”

“எரிக்கச் சொன்ன” என்றார் மகாராஜன். “சொல்லு. இப்பவே எரிச்சிருதேன். இந்தப் பிள்ளை எழுதித் தந்திருக்கு.” பையிலிருந்து தாளை எடுத்தார். மேசைமேல் நெகட்டிவும், பக்கத்தில் அவர் வாங்கிவந்த தீப்பெட்டியும் இருந்தன.

“அன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அம்மா அங்கனதான் இருக்கணும்னு மத்ததை எரிக்கச் சொன்னேன். இப்ப அங்கன இல்ல. இதையும் எரிச்சா எங்கதான் இருப்பா?”

“பொஸ்தகம் போட்டா ஆயிரம் எடத்துல இருப்பாளே. அலையமாட்டாளா?”

பாலம்மாள் யோசித்தாள். “மலையெல்லாம் அலைஞ்சவதான. காலனி வீட்டுல நாங்க ஒரே எடத்துல குத்தவச்சு என்னத்தைக் கண்டோம்? அலையட்டும்.” பிறகு ஜெஸ்லின் பக்கம் திரும்பி, “ஆனா எழுதணும் தாயி. மூஞ்சி சடைச்சியோடது, கண்ணு அவ மக பாலம்மாவோடது, எழுதினது உப்புக்கார மகாராஜன்னு எழுதணும். சாமி மேல குத்தமில்ல, நான் கேட்டுத்தான் எடுத்தாகன்னும் எழுதணும்.”

மீனலோசினி அழுதுவிட்டாள். உள்ளே போய்ச் சோறு எடுத்து வைத்தாள். கத்தரிக்காய் புளிக்குழம்பு, அப்பளம். விஜய்சங்கர்கூட, “நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டு மின்விசிறியைக் கூட்டிவைத்தான். பாலம்மாள் பிரிண்ட்டை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மகாராஜனுக்குச் சோறு இறங்கவில்லை. இவள் தாயைப் பார்த்துச் சொன்னாளா, தன் கண்ணைப் பார்த்து மயங்கிச் சொன்னாளா? அவரும் அந்தக் கண்ணைப் பார்த்து மயங்கித்தானே எரிக்காமல் விட்டார். அடியில் எழுதுகிறதை எவன் வாசிப்பான்? போனைத் தூக்கி அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கைகழுவிவிட்டு வந்து பாலம்மாள் பக்கத்தில் நின்றார்.

“இன்னொரு தடவை யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு.”

“அன்னைக்கு எரிக்கச் சொன்னவ அழுதுகிட்டுச் சொன்னா. நான் தலையாட்டினது அவளுக்கு. ஒனக்கில்ல.”

“அவளும் நான்தான உப்புக்காரரே.”

“என்னவோ போ” என்றார். தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெஸ்லின் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

செருப்பை மாட்டும்போது ஜெஸ்லின் போனோடு ஓடிவந்தாள். “ஐயா, நீங்களும் பாலம்மாளும் அந்தப் படமும் சேர்ந்தாப்ல ஒண்ணே ஒண்ணு. புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துக்கு.”

“போட்டோ எல்லாம் வேண்டாம்.”

“மாமா, நில்லுங்களேன். அப்பாவுக்காக” என்றாள் மீனலோசினி.

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். ரோட்டில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. மேலேயிருந்து எடுத்தார்களோ என்னவோ, அவர் திரும்பிப் பார்க்கவில்லை.